மனை வாங்குமுன் மண்ணை மிதிப்போம்



பிள்ளைகளை வெளியே உலாவ அழைத்துச் செல்வதும் குடியிருக்க ஒரு மனை வாங்குவதும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத காரியங்களாகத் தோன்றும். முன்னது ஓய்வு நேரத்துச் செயல். பின்னது ஆயுட்காலச் சேமிப்பைக் கரைக்கும் செயல். ஆறுமுகநேரியில் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் எங்களுக்கு, இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவைக் காட்டித் தந்தவர்கள் அப்பிள்ளைகளே. அதனை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வெள்ளிக்கிழமை நடை

வெள்ளிக்கிழமை மக்தபுக்கு விடுமுறை. அன்று சுப்ஹுத் தொழுகை முடிந்ததும், விருப்பமுள்ள பிள்ளைகளை அவர்தம் பெற்றோரின் இசைவோடு அழைத்துக்கொண்டு புறப்படுவோம். ஜும்ஆவுக்குக் குளித்து ஆயத்தமாகப் போதிய நேரம் விட்டுத் திரும்பிவிடுவோம். பெரிய ஏற்பாடுகள் எவையும் இல்லை. தண்ணீர்ப் புட்டியும் சிறிது அவலும் வெல்லமும் போதும்.

ஒரு வாரம் உப்பளங்களின் வரப்பு; மறு வாரம் காயல்பட்டினத்துக் கடற்கரை; இன்னொரு வாரம் ஆத்தூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டிச் செல்லும் வாய்க்கால் கரை. ஆண்டில் ஓரிரு முறை வாகனம் அமர்த்திப் புன்னைக்காயலுக்குச் சென்று, பொதிகையில் பிறந்த தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தைக் காண்போம். திருச்செந்தூருக்கு மேற்கே உள்ள செம்மணல் தேரியில் பனைகளுக்கிடையே ஓடியாடவும் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை.

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. அந்தப் பயணம் தொலைதூர நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. சொந்த ஊரின் எல்லையைக் கால்நடையாகச் சுற்றி வருவதும் அதில் அடங்கும் என்பது எங்கள் கருத்து. நடந்து வந்த பிள்ளைகள் நாளடைவில் பலவற்றை அறிந்துகொண்டார்கள். உமரிச் செடி படர்ந்த தரையில் உப்பு ஏறியிருக்கும். கோரை முளைத்த தரையில் தண்ணீர் தங்கும். உடைமரம் நிற்கும் மேட்டில் கால் புதையாது. வாய்க்கால் வறண்டு கிடந்தாலும் அதன் பள்ளம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். இவற்றை நாங்கள் பாடமாக நடத்தவில்லை. அவர்களாகவே கண்டும், வழியில் எதிர்ப்பட்ட உப்பளத் தொழிலாளிகளிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேட்டும் அறிந்தவை இவை.

ஆறு தந்த மண்

நாம் வாழும் இந்தக் கடற்கரையின் தன்மையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பண்டைக் காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கைத் துறைமுகம் கடலோரத்தில் இருந்தது. இன்று கொற்கை என்னும் சிற்றூர் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைப் பின்தள்ளியதே காரணம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகமும் அவ்வாறே தன் பெருமையை இழந்தது. துறைமுகங்கள் இடம் மாறின; ஊர்கள் இடம் மாறின.

இதன் பொருள், நம் காலடியில் உள்ள மண்ணில் பெரும்பகுதி ஆறு கொண்டுவந்து போட்ட மண் என்பதே. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலம் இது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் குளங்களை நிரப்ப, அக்குளங்களின் மறுகால் நீர் ஓடைகள் வழியே கடலைத் தேடிச் செல்கிறது. அந்த ஓடைகள் ஆண்டில் பத்து மாதம் உலர்ந்து கிடப்பதால் அவற்றை வழி என்றே நாம் கருதுவதில்லை. தண்ணீருக்கோ அதுவே வழி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இவ்வட்டாரத்தில் எவரும் மறக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 செ.மீ.; ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தமிழகத்திற்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதற்குமான இயல்பளவே ஏறத்தாழ 44 செ.மீ.தான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. அந்த நாட்களில் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் பிற சமயத்தவருக்கும் தங்குமிடமாயின. அல்ஹம்துலில்லாஹ், அந்த நன்மையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் தண்ணீர் எந்தெந்த வழியாக வந்தது என்பதை ஓராண்டுக்குள் மறந்துவிட்டோம்.

விலை ஏறும் காலம்

மறப்பதற்குக் காரணங்களும் வந்து சேர்ந்தன. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் மின்வாகனத் தொழிற்சாலைக்கும், அதே மாதம் 28-ஆம் தேதி திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்திற்கும் அடிக்கல் நாட்டப்பட்டன. இவை நாட்டுக்கு நன்மை தருபவை; மறுப்பதற்கில்லை. ஆனால் அச்செய்திகளின் வாலைப் பிடித்துக்கொண்டு மனை வணிகமும் கிளம்பிற்று. பனைவிளைகளும் பொட்டல்களும் ஒரே இரவில் ஏதோ ஒரு நகர் ஆயின. இன்று வாங்காவிட்டால் நாளை கிடைக்காது என்னும் பேச்சு தேநீர்க் கடையிலிருந்து பள்ளிவாசல் திண்ணை வரை வந்துவிட்டது.

நம் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு மற்றவர்களைவிட வேகமாக உறைக்கிறது. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே குடியமர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கம் அக்கம்பக்கத்து ஊர்களையும் தொட்டிருக்கிறது. மனைவிக்கு உறைவிடம் அளிக்கும் கடமையை மார்க்கம் கணவன்மீது சுமத்தியிருக்க, நடைமுறையில் அது தகப்பனின் முதுகில் ஏறியிருக்கிறது. இரண்டு பெண்மக்கள் உள்ளவர் இரண்டு கூரைகளுக்காக வளைகுடாவில் இளமையைக் கழிக்கிறார். இன்னொரு புறம், ஒத்திக்கு எடுத்த வீட்டில் வாடகையின்றிக் குடியிருப்பது கொடுத்த கடனுக்குப் பலன் பெறுவதாகும், அது வட்டியின் பாற்பட்டது என்று உலமாக்கள் எச்சரித்திருப்பதால், அதிலிருந்து வெளியேற நினைக்கும் நல்லவர்களும் அவசரப்படுகிறார்கள். வங்கிக் கடனைத் தவிர்க்க விரும்புவோர், கையில் உள்ள தொகைக்குள் அடங்கும் மலிவான மனையைத் தேடுகிறார்கள். மலிவான மனை எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் பள்ளத்தில்தான்.

கல் நட்ட பொட்டல்

ஒரு வெள்ளிக்கிழமை, கோடை தொடங்கும் காலம், ஊருக்கு வெளியே உள்ள ஒரு பொட்டல் வழியே பிள்ளைகளோடு நடந்தோம். முட்செடிகளை அகற்றித் தரையை மட்டமாக்கி, வெள்ளையும் மஞ்சளும் பூசிய கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். நுழைவாயிலில் வண்ணக் கொடிகள். அனுமதிக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்று பலகையின் அடியில் சிறிய எழுத்துகள்.

பிள்ளைகளுள் ஒருவன் பின்வரிசைக் கல்லின்மேல் ஏறி நின்று, “உஸ்தாத், இங்கனதானே மழைக்குப் பொறவு நாங்க கெண்டை புடிச்சோம்! இடுப்பு வரைக்கும் தண்ணி கெடந்துச்சு” என்றான். மற்றவர்களும் ஆமென்றார்கள். இன்னொருவன், பதினோரு வயதுச் சிறுவன், சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “எங்க வாப்பா இங்கதான் எங்க லாத்தாவுக்கு மனை வாங்கியிருக்காங்க” என்றான்.

அவனுடைய தந்தை பல ஆண்டுகளாக வளைகுடாவில் பணிபுரிபவர். கோடையில் எடுத்த ஒரு காணொளியைக் கைபேசியில் பார்த்து முன்பணம் அனுப்பியிருந்தார். கிரயம் இன்னும் பதிவாகவில்லை. விற்பனைக்கு இடைநின்றவரும் அயலாரல்லர். ஜும்ஆவில் எங்களோடு தோள்சேர்ந்து நிற்பவர். அவருடைய மகனும் எங்களிடம் ஓதிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்ததும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அந்தப் புல எண்ணுக்குரிய புலப்படத்தை எடுத்துப் பார்த்தோம். ஓடை ஒன்று மனைப்பிரிவின் பின்வரிசையை ஒட்டிச் சென்றிருந்தது. பிள்ளைகள் சொன்னதும் படம் காட்டியதும் ஒன்றாகவே இருந்தன.

காணாத பொருளை விற்பது

இவ்விடத்தில் மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். வணிக ஒப்பந்தத்தில் விற்கப்படும் பொருள் இன்னதென்று இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏமாற்றத்துக்கு இடந்தரும் அறியாமை, அதாவது ஃகரர், கலந்த வியாபாரத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், கண்ணால் காணாத பொருளின் விற்பனை செல்லாது என்பதே வலுவான கருத்தென்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எடுத்துரைக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபில் அவ்விற்பனை கூடும். ஆனால் வாங்கியவர் பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை பெறுகிறார். எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும் பார்வைக்கு இடமுண்டு என்பதை மறுக்க முடியாது.

அயல்நாட்டில் இருப்பவர் என்ன செய்வார் என்னும் கேள்வி எழும். அதற்கும் வழியுண்டு. நம்பிக்கைக்குரிய ஒருவரை வகீலாக நியமித்து, அவர் நேரில் கண்டு ஒப்பந்தம் செய்யலாம். நாம் எழுதிக்கொடுக்கும் பவர் பத்திரத்தின் உட்பொருளும் இதுவே. ஆனால் அந்த வகீல் விற்பவரின் ஆளாக இருந்துவிடக் கூடாது. நம் மனைவியின் சகோதரர், நம் சகோதரர், ஊரை அறிந்த ஒரு பெரியவர் என நமக்காக நடக்கக்கூடியவராக இருக்க வேண்டும். காணொளி ஒரு வகீல் ஆகாது. அது எடுத்தவர் காட்ட விரும்பிய பக்கத்தை மட்டுமே காட்டும். எடுத்த மாதத்தை மட்டுமே காட்டும்.

ஒட்டகத்தின் குளம்பு

வாங்குபவரின் கடமை இது. தெரிந்த மூன்றாமவரின் கடமை என்ன? எங்களை உறங்கவிடாமல் செய்த கேள்வி இதுவே. விற்பவரும் வாங்குபவரும் நம்மவர்; நமக்கோ அதில் எந்தப் பங்கும் இல்லை. வாய்மூடி இருந்தால் எவரோடும் மனத்தாங்கல் வராது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியை எடுத்தெழுதுகிறார்கள். நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில் ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாஸிலா (ரலி) கவனம் சிதறியிருந்த வேளையில் வாங்கியவர் அதை ஓட்டிச் சென்றுவிட்டார். உடனே அவர் பின்னால் ஓடிச்சென்று, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காகவா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றதும், இதன் குளம்பில் துளை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், நெடுந்தூரம் நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் வருந்தினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவோம் என்று அல்லாஹ்வின் தூதரிடம் நாங்கள் வாக்களித்திருக்கிறோம் என்பதே வாஸிலா (ரலி) அவர்களின் விடையாக இருந்தது. குறையை மறைத்து விற்பது மட்டுமின்றி, அறிந்தவர் அதைச் சொல்லாமலிருப்பதும் ஆகாது என்னும் நபிமொழியையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இதைப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்திருக்கிறோம். இப்போது அந்தப் பிள்ளைகளே எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இடைத்தரகரைத் தனியே சந்தித்தோம். குறையை நீங்களே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், அதுவே உங்களுக்கு அழகு என்று கேட்டுக்கொண்டோம். “உஸ்தாத், பள்ளம்னு எல்லாருக்கும் தெரியும். மூணடி செம்மண் அடிச்சா மேடாயிரும். இதுல நீங்க எதுக்கு வாரீங்க?” என்றார். ஒரு வாரம் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. பிறகு அந்தச் சகோதரரை அழைத்து, கண்டதையும் படத்தில் உள்ளதையும் மட்டும் தெரிவித்தோம். வாங்குங்கள் என்றோ விடுங்கள் என்றோ சொல்லவில்லை. நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. “உஸ்தாத், நாலு வருசச் சம்பாத்தியம் அது” என்றார். பின்னர் தம் மைத்துனரை வகீலாக அனுப்பினார். மைத்துனர் மகளையும் சகோதரியையும் உடன் அழைத்துச் சென்று, அக்கம்பக்கத்தில் குடியிருப்போரிடம் விசாரித்து வந்தார். மனை வேண்டாமென்று முடிவாயிற்று.

முன்பணத்தில் ஒரு பகுதி தவணைகளாகத் திரும்பி வந்தது, மீதி வரவில்லை. தரகருடைய மகன் மக்தபுக்கு வருவது நின்றது. சில மாதம் அவர் எங்கள் சலாமுக்குப் பதில் மட்டும் சொன்னார், முகம் கொடுக்கவில்லை. ஓதிக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் நின்றது இன்றும் எங்களுக்கு வருத்தமே. அவன் அமர்ந்த இடத்தில் வேறு பிள்ளை அமர்ந்துவிட்டான். ஆனால் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நாங்கள் இன்னும் அடிக்கவில்லை.

மண் அடித்தால் மேடாகும்

மூன்றடி மண் அடித்தால் சரியாகிவிடும் என்பது எங்கும் கேட்கும் வாதம். அதைச் சிறிது ஆராய வேண்டும். பள்ளத்தை மேடாக்கலாம், அங்கே தங்க வேண்டிய தண்ணீரை இல்லாமற் செய்ய முடியாது. அது பக்கத்துத் தெருவுக்குப் போகும். பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் மண் அடிக்க வசதியற்றவர்களாக இருப்பார்கள். உப்பளக் கூலிக்குச் செல்லும் பெண்ணின் ஓட்டு வீட்டுக்குள் நம் மழைநீரை அனுப்பிவிட்டு, நம் திண்ணையில் அமர்ந்து திக்ரு செய்வதில் என்ன பயன்? தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நபிமொழியிலிருந்து பெறப்பட்ட அடிப்படைச் சட்டவிதி. ஃபிக்ஹு நூல்களில் அண்டைவீட்டார் உரிமை, நீர் வழி, பொதுப் பாதை ஆகியவை பற்றி அறிஞர்கள் விரிவாக எழுதியிருப்பது இதனை ஒட்டியே.

நில எல்லைக் குறிகளை மாற்றுபவரை அல்லாஹ் சபிப்பதாக அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவு அபகரித்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்பதும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான எச்சரிக்கை. ஓடைப் புறம்போக்கின்மீது கல் நட்டு அதைத் தம் மனை என்று விற்பது, ஒருவருடைய சாண் நிலத்தை அன்று, ஊர் முழுவதற்கும் உரிய நிலத்தை அபகரிப்பதாகும். அப்படியென்றால் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்!

நடந்து பார்க்கும் முறை

மனை பார்க்கச் செல்வதை ஒரு குடும்ப உலாவாகவே ஆக்கிக்கொள்ளுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. நம் ஊர்களில் வீடு பெரும்பாலும் மகளின் பெயரில் அமைகிறது. ஆனால் அந்த மகளோ தாயோ அந்த மண்ணை முதன்முதலாக மிதிப்பது தளம் போட்ட பிறகுதான். அங்கே நாற்பது ஆண்டு வாழப்போகிறவர்கள் அவர்களே. அஸருக்குப் பின் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், இருட்டிய பின் வழி எப்படி, கிணற்று நீர் உவரா நல்லதா என்பதை அவர்களே நன்கு விசாரிப்பார்கள்.

ஒரு முறை பார்த்தால் போதாது. கோடையில் ஒரு முறையும் மழை பெய்த மறுநாள் ஒரு முறையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாராத மனையை நம் கடற்கரையில் பார்த்த மனை என்று சொல்வதற்கில்லை. 2023 வெள்ளத்தில் தண்ணீர் எது வரை நின்றது என்று அருகிலுள்ள வீட்டாரிடம் கேளுங்கள். பல சுவர்களில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. ஆடு மேய்ப்பவர், பனையேறி, உப்பளத்தார், அவ்வழியே பள்ளி செல்லும் பிள்ளைகள் ஆகியோரைக் கேளுங்கள். இவர்களுக்கு விற்பனையில் பங்கில்லை; ஆகவே மறைக்கக் காரணமும் இல்லை. கோரை இருக்கிறதா, உமரி இருக்கிறதா என்று தரையைப் பாருங்கள். தரையைப் புதிதாகச் சுரண்டி மட்டமாக்கியிருந்தால், என்ன இருந்தது என்று இரு மடங்கு விசாரியுங்கள்.

தாளில் பார்க்க வேண்டியவை

கால் பார்த்ததைத் தாளும் உறுதி செய்ய வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் ஏவும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை மறவாதிருப்போம்.

பட்டாவும் சிட்டாவும் யார் பெயரில் உள்ளன, ‘அ’ பதிவேட்டில் அந்நிலம் எவ்வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது, புலப்படத்திலும் கிராம வரைபடத்திலும் ஓடை, வாய்க்கால், குளம் ஏதும் தொடுகிறதா என்று பாருங்கள். தாய்ப்பத்திரத்தையும், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழையும் ஒப்பிடுங்கள். பத்திரம் பதிவானது என்பது மட்டுமே உரிமைக்கு முழுச் சான்றாகாது. விற்றவருக்கு இருந்த உரிமைக்கு மேல் எதையும் அது நமக்குத் தராது.

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் ஆணையிட்டது. அதன்பின் 2017-இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே வழி திறந்தன. ஆகவே இன்று புதிதாகக் கல் நடும் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி கட்டாயம் தேவை. விண்ணப்பித்திருக்கிறோம் என்பது அனுமதி ஆகாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர், விளம்பரம் செய்வதற்கு முன்பே ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமாகிய ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த விற்பனை உடன்படிக்கை இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கவும் அச்சட்டம் அவருக்கு இடம் தரவில்லை. இவ்விரண்டையும் அறிந்திருந்தால் நம் சகோதரர்கள் பலரின் பணம் தப்பியிருக்கும். வக்ஃபு நிலம் விற்பனைக்கு உரியதன்று. ஐயம் இருந்தால் அருகிலுள்ள ஜமாஅத்தில் கேட்டறியுங்கள்.

செலவுக் கணக்கில், முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படும் என்னும் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஊரின் கிராம வரைபடம் ஒன்றைப் பள்ளிவாசல் அலுவலகச் சுவரில் மாட்டிவைக்கலாம். வெள்ளம் நின்ற இடங்களைப் பெரியவர்களிடம் கேட்டு அதில் நீல வண்ணத்தால் குறிக்கலாம். அயல்நாட்டுச் சகோதரர்களுக்காக மனையை நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய, தரகு பெறாத மூவரை ஜமாஅத்தே நியமிக்கலாம். தரகுத் தொழிலில் உள்ள நம் சகோதரர்களை ஒதுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. தரகு ஹலாலான தொழில். குறையைச் சொல்லி விற்கும் தரகருக்கு, வாங்கியவர் தம் பிள்ளைகளின் காலத்திலும் துஆச் செய்வார். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரிடம், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை நாம் அறிவோம். நம் ஊரில் ஈரம் தானியத்தில் அன்று, மனையில் இருக்கிறது. அதை மேலே காட்டி விற்பதில் பரக்கத் குறையாது. இன்ஷா அல்லாஹ், கூடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வெள்ளிக்கிழமைக் காலையில் பிள்ளைகளைக் கைபேசியோடு விட்டுவிடாமல் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வாய்க்கால் கரையில் நடந்த பிள்ளை, வளர்ந்தபின் அந்த வாய்க்காலின் மேல் வீடு கட்ட மாட்டான்; வேறொருவர் கட்டுவதைக் கண்டால் சொல்லத் துணிவான்.

யா அல்லாஹ்! எங்கள் குடும்பங்களுக்கு ஹலாலான வருவாயில் அமைதியான இல்லங்களைத் தந்தருள்வாயாக! எங்கள் சுவர்கள் எவருடைய துயரத்துக்கும் காரணமாகாமல் காப்பாயாக! கொடுக்கல் வாங்கலில் எங்கள் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்வாயாக! விலகிப்போன உள்ளங்களை மீண்டும் ஒன்றுசேர்ப்பாயாக! ஆமீன்.